எபேசியர் 1: எல்லா ஆசீர்வாதமும் கிடைத்தாயிற்று என்றால் நான் ஏன் இன்னும் வரிசையில் நிற்கிறேன்?

8 ஜூன் 2024, சனி இரவு (கேள்வி: மோல்மேன் தங்கச்சி ஒருத்தி, இப்போது ரங்கூனில் தையல் வேலை)

போன ஞாயிறு சபையில் எபேசியர் முதல் அதிகாரம். நாம் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், ராஜாவின் பிள்ளைகள், சகல ஆசீர்வாதத்தினாலும் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள் என்று பாஸ்டர் ஐயா சொல்லச் சொல்ல எல்லோரும் ஆமென் போட்டோம். நானும் போட்டேன். செவ்வாய்க்கிழமை மப்போன்டின் (பர்மா அரசாங்கத்தின் அடையாள அட்டை) எடுக்கப் போனேன். நாலாவது தடவை. பாட்டியின் காகிதம் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கலாமாவை அடுத்த மாதம் வரச் சொல்" என்றார். கலாமா என்றால் இந்திய வம்சத்துப் பெண்ணை இங்கே இளக்காரமாகக் கூப்பிடுகிற வார்த்தை. எனக்குப் பெயர் இருக்கிறது. அவர் கையில் இருந்த காகிதத்தின் முதல் வரியே அதுதான். ராஜாவின் பிள்ளைக்கு இதுதான் மரியாதையா அண்ணே? கையில் ஒன்றும் இல்லாதவர்களைச் சமாதானப்படுத்தத்தான் ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்று சொல்கிறார்களா? கோபத்தில் கேட்கவில்லை. இல்லை, கோபத்தில்தான் கேட்கிறேன்.

9 ஜூன், ஞாயிறு காலை (என் பதில்)

பிலிப்பியர் 3:20 எடுத்துப் படி. "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." அங்கே உன் பெயர் பதிவாகிவிட்டது. இங்கே ஒரு அட்டை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. சோர்ந்துபோகாதே தங்கச்சி. ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, மீதி அப்புறம்.

10 ஜூன்

நேற்று எழுதியதை இன்று படித்தேன். வெட்கமாக இருக்கிறது. அழித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்குள் மூன்று பேர் கீழே ஆமென் போட்டிருக்கிறார்கள். அழித்தால் அந்த ஆமென்கள் அந்தரத்தில் நிற்கும். இருக்கட்டும்.

என் வீட்டுக்காரி படித்துவிட்டுச் சொன்னது இது: "உங்கள் சட்டைப்பையில் அட்டை இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவினவர் உபவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது." சரிதான்.

பவுலுக்கும் ஒரு அட்டை இருந்தது. எருசலேமில் அவரை வாரினால் அடிக்கக் கட்டினார்கள். "அடித்தால் அடியுங்கள், என் குடியிருப்பு பரலோகத்தில்" என்று அவர் சும்மா இருக்கவில்லை. ரோமனான ஒருவனை விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டார். சேனாபதி பதறி ஓடிவந்தான். அவன் பெருந்தொகை கொடுத்து ரோம உரிமையை வாங்கினவன், பவுலோ பிறப்பிலேயே பெற்றவர் (அப்போஸ்தலர் 22). காசு கொடுத்து வாங்கின அட்டை ஒன்று, பிறப்பால் வந்த அட்டை ஒன்று. அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ரங்கூன்காரனுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இன்னொன்று நேற்று எனக்கு உறைக்கவில்லை. பிலிப்பி ரோமர்களின் குடியேற்ற ஊர். அங்கே ரோமக் குடியுரிமை என்றால் மார்தட்டிக்கொள்கிற விஷயம். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பவுல், நம் குடியிருப்பு வேறிடத்தில் இருக்கிறது என்று எழுதினார். அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்குச் சொன்ன வசனத்தை, அட்டைக்கு அலைகிற பிள்ளையின் வாயை அடைக்க நான் எடுத்து நீட்டியிருக்கிறேன். தலைகீழ். மன்னித்துக்கொள்.

நீ மறுபடியும் அலுவலகம் போக வேண்டும். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

13 ஜூன், வியாழன்

மழை. கரண்ட் இல்லை. கடையில் கணக்கு எழுத வெளிச்சம் போதவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். முதலாளி இதைப் படிக்க மாட்டார்.

என் அட்டையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலம். இந்தியாவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, என்னைப் போல இணைக் குடிமக்களுக்கு நீலம், இயல்புரிமைக் குடிமக்களுக்குப் பச்சை. 1982 சட்டம். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இனம், மதம், உயரம், இரத்த வகை, அப்புறம் அடையாளக்குறி. என் அடையாளக்குறி இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. ஐந்து வயதில் பால்கேன் மூடி பட்டது. நான் யார் என்று கேட்டால் அரசாங்கத்திடம் இருக்கிற பதிலில் அந்தப் பால்கேனுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு வருஷம் வரும். பர்மிய ஆண்டு 1185, அதாவது 1823. அதற்கு முன்பே இந்த மண்ணில் நிலைத்துவிட்ட இனங்களைச் சேர்ந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 1824-இல் ஆங்கிலேயரோடு முதல் சண்டை, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் வந்தேறிகள் என்பது கணக்கு. நம் ஆட்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள். மூன்றாம் தலைமுறைக்கு முழு உரிமை பெற வழி இருக்கிறது, என் மகளுக்கு இளஞ்சிவப்பு கிடைத்தது. ஒரே வீட்டில், ஒரே குண்டானில் சோறு தின்கிறவர்களுக்கு இரண்டு நிறம்.

"நீ எப்போது வந்தாய்" என்பதுதான் அந்த அலுவலகத்தின் கேள்வி. நீ வந்தாயா, உன் அப்பா வந்தாரா, அவருடைய அம்மா எந்த வருஷம், எந்தக் கப்பல். பதில் சொல்லும் காகிதத்தைக் கரையான் தின்றிருக்கும்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு எபேசியர் 1:4 வாசித்துப் பார். அங்கேயும் ஒரு காலக்கெடு இருக்கிறது. "உலகத்தோற்றத்துக்கு முன்னே." அந்த வசனத்தைச் சின்ன வயசிலிருந்து மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். போன திங்கட்கிழமை, உனக்குப் பதில் தேடும்போதுதான், அது ஒரு தேதி என்று கண்ணில் பட்டது. யார் முன்னால் வந்தது என்று உலகத்தில் எத்தனை பேர் அடித்துக்கொண்டாலும் அதற்கு முன்னால் போய் நிற்கிற தேதி.

அதனால் திங்கட்கிழமை காலையில் என்ன லாபம் என்று கேட்பாய். கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு லாபம் இது. இத்தனை வருஷமும் அந்த மேசைக்கு முன்னால் நான் தப்புச் செய்தவனைப் போலக் கூனிக்கொண்டு நின்றேன். காகிதம் குறைந்தால் நானே குறைந்துபோன மாதிரி. காகிதம் வேறு, நான் வேறு என்பது பிடிபட்டால் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அவ்வளவுதான். வரிசை குறையாது.

வேடிக்கைக்கு ஒன்று. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கியது 1813. ஆக, 1823-க்கு முன்பே வந்தவர். நம்மையெல்லாம் விட ஜட்சனுக்குத்தான் முதலில் இளஞ்சிவப்பு கிடைத்திருக்கும்!

13 ஜூன், இரவு

திருத்தம். தட்டோன் அக்கா பிடித்துவிட்டார். சட்டம் பேசுவது இனங்களைப் பற்றி, தனி ஆள் எப்போது வந்தான் என்பதைப் பற்றியல்ல. ஆகவே ஜட்சனுக்குக் கிடைக்காது. வாபஸ். அவரும் நம்மோடு வரிசையில் நிற்கட்டும்.

16 ஜூன், ஞாயிறு

பெகு தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "1:14-இல் சுதந்தரத்தின் அச்சாரம் என்று வருகிறதே, நாட்டு விடுதலையா?"

தம்பி, சிரிக்கவில்லை. பத்து வயது வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜனவரி 4 சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி பிடித்துவிட்டு வந்து, 1948-ஐப் பற்றிப் பவுலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது பார் என்று பாட்டியிடம் சொன்னேன். பாட்டிக்கும் அது தப்பு என்று தெரியவில்லை, ஸ்தோத்திரம் சொன்னார். பழைய வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் பிதிரார்ஜிதம், அப்பன் சொத்தில் பங்கு. சுதந்தரவாளி என்றால் வாரிசு.

அச்சாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். வீடு பிடிக்க, மாடு வாங்க, சமையல்காரரைக் கல்யாணத்துக்குப் பேசி வைக்க, முதலில் கொடுத்துவிடுகிற பணம். கிரேக்கத்தில் அரபோன் என்ற சொல். அது கிரேக்கத்தில் பிறந்ததல்ல, கிழக்கே எபிரெயம் பேசின பக்கத்திலிருந்து வியாபாரத்தோடு போய்ச் சேர்ந்தது. ஆதியாகமம் 38-இல் யூதா தாமாரிடம் முத்திரை மோதிரத்தையும் கோலையும் விட்டுப்போகிறானே, அங்கே வருகிற அடைமானமும் அதே சொல்தான். கோயில் வார்த்தை இல்லை, சந்தை வார்த்தை. பரிசுத்த ஆவியானவரைப் பற்றிப் பேச பவுலுக்கு மாட்டுச் சந்தையில் ஒரு சொல் கிடைத்திருக்கிறது.

மாட்டைச் சொன்னதும் அப்பா ஞாபகம் வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

1987. நாங்கள் ரங்கூன் பக்கத்தில் இருக்கிற சிரியத்தில் (இப்போது தன்லின்) நாலு கறவை மாடு வைத்திருந்தோம். அப்பா ஒன்றை விற்கப் பேசி, ஒரு பர்மாக்காரப் பெரியவரிடம் அச்சாரம் வாங்கியிருந்தார். மூன்று 75 கியாட் தாள். அந்தத் தாளை இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா அதை மூன்றாக மடித்து ஓவல்டின் டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசிப் பானைக்குள் வைத்தார். செப்டம்பர் 5, சனிக்கிழமை, 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று ரேடியோவில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள வழியும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. எனக்குப் பதினாலு வயது. அப்பா டப்பாவைத் திறந்து, தாள்களை எடுத்து, தடவி, மறுபடியும் அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார். ஏன் வைத்தார் என்று அன்றைக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்டார்.

மாட்டை இனி வேறு ஆளுக்கு விற்கலாம் என்று அம்மா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து அந்தப் பெரியவர் வந்தார். அவரிடம் இருந்ததும் போய்விட்டது. தோளில் அரை மூட்டை அரிசி, கையில் கால் கட்டின இரண்டு கோழி. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெல்லாகத் தருகிறேன் என்றார். அச்சாரமும் செத்துப்போயிற்றே என்று அப்பா சொன்னதற்கு, "தாள்தான் செத்தது, நான் சாகவில்லையே" என்றார். பர்மிய மொழியில் சொன்னார், தமிழில் எழுதினால் அதன் அழகு பாதி போய்விடுகிறது. மாடு அவரோடு போயிற்று. தை அறுப்பு வரைக்கும் நெல் வந்தது.

1:14 வாசிக்கும்போது எனக்கு அந்தக் கோழிகள் ஞாபகத்துக்கு வரும். அச்சாரத்துக்கு மதிப்பு தாளில் இருந்து வரவில்லை, கொடுத்த ஆளிடமிருந்து வந்தது. ஒரு நாட்டின் பணமே ஒரு சாயங்காலத்தில் காகிதமாகப் போனதைப் பார்த்தவர்கள் நாம். நம்மிடம் போய் எது செல்லும், எது செல்லாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

17 ஜூன்

கீழே ஒருவர்: "பெரியவர் நல்லவர், வந்தார். வராமல் போயிருந்தால்?" வராமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன். அச்சாரம் கொடுத்துவிட்டு வராமல் போனவர்கள் அப்பாவின் வியாபாரத்தில் நிறையப் பேர் உண்டு. அந்தக் கேள்விக்கு என்னிடம் வாதம் ஒன்றும் இல்லை. கொடுத்தவரை எனக்குத் தெரியும் என்றுதான் சொல்ல முடியும். அது சாட்சியம், நிரூபணம் இல்லை.

இன்னொரு அன்பர் ராஜாவின் பிள்ளை பஸ்ஸில் தொங்கக் கூடாது, காரில் போக வேண்டும், விசுவாசித்தால் வரும் என்று எழுதியிருக்கிறார். ஐயா, எழுதின பவுல் விலங்கு போட்ட கையோடு இருந்தார். அதே நிருபத்தில் 6:20, "சங்கிலியால் கட்டப்பட்ட ஸ்தானாபதி". ஸ்தானாபதி என்றால் தூதுவர், அந்தக் காலத்து அம்பாஸிடர். தூதுவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவர் சகல ஆசீர்வாதம் என்று எழுதுகிறார். காரைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பேச்சை இதோடு விடுகிறேன், விட்டால் கோபத்தில் நிறைய எழுதிவிடுவேன்.

23 ஜூன், ஞாயிறு

மோல்மேன் தங்கச்சி நாலு நாளாக ஒன்றும் எழுதவில்லை. நாம்தான் பேசிக்கொண்டே போகிறோம்.

1:5-ஐத் தாண்டிவிட்டேன், திரும்பிப் போகிறேன். "சுவிகாரபுத்திரர்." இந்த வார்த்தையைச் சொல்லும்போது பாஸ்டர்கள் குரலை இறக்கி இதமாகப் பேசுவார்கள். எனக்கு அது இதமான வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு சுவிகாரம் இருந்தது.

1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 50, 100 கியாட் தாள்களும் செல்லாமல் போன பிறகு, ஜனம் கப்பல் கப்பலாக மெட்ராஸுக்குப் போயிற்று. மொத்தமாக லட்சக்கணக்கில் போனார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அம்மா இல்லாத ஒரு பையன், மூன்று வயது. அவன் அப்பாவும் அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. பாட்டி அவனை எடுத்துக்கொண்டார். குடும்பப் பட்டியலில் கடைசி வரியில் அவன் பெயர். மேலே உள்ள பெயர்கள் எல்லாம் கறுப்பு மை, அவன் பெயர் மட்டும் ஊதா மை, கொஞ்சம் நெருக்கி எழுதியிருக்கும். அவர்தான் எங்கள் சின்ன சித்தப்பா.

பாட்டி மீன் துண்டு போடும்போது எண்ணித்தான் போடுவார். எங்கள் அப்பாவுக்கு எத்தனையோ, சித்தப்பாவுக்கும் அத்தனை. வேற்றுமை காட்டினார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனாலும் சித்தப்பா குடித்த நாளெல்லாம் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஊதா மையை விரலால் தொட்டுப் பார்ப்பார். "நான் எழுதிச் சேர்த்தவன்தானே" என்பார். பாட்டி எவ்வளவோ சொல்லியும் அது போகவில்லை. 2003-இல் இறக்கும்வரை போகவில்லை.

பவுல் இருந்த ரோமச் சட்டத்தில் சுவிகாரம் என்றால் பெரும்பாலும் குழந்தையை எடுப்பது இல்லை, வளர்ந்த ஆண்பிள்ளையை வாரிசாக்குவது. பழைய குடும்பத்தோடு சட்டப்படி இருந்த கட்டு அறுந்துபோகும். புதிய தகப்பன் பெயர், அவன் சொத்தில் முழுப் பங்கு. கி.பி. 50-இல் கிளாதியு ராயன் நீரோவைச் சுவிகாரம் எடுத்தான். சொந்த மகன் ஒருவன் வீட்டில் இருக்க, சிங்காசனம் சுவிகாரப் பிள்ளைக்குப் போயிற்று. ஆக, சுவிகாரம் என்று பவுல் எழுதியபோது வாசித்தவர்களுக்கு அது இரண்டாந்தர உறவாகப் பட்டிருக்காது. நாடே ஒரு சுவிகாரப் பிள்ளையின் கையில் இருந்த காலம். (நீரோ நல்ல உதாரணமா என்று கேட்காதீர்கள். சட்டத்துக்கு மட்டும்தான் உதாரணம்.)

இதைச் சித்தப்பாவிடம் நான் சொன்னதில்லை. அவர் இருந்தபோது எனக்கே தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் குடியை விட்டிருப்பாரா என்றால், மாட்டார். ஒருவேளை அந்தப் பட்டியலை எடுக்காமல் இருந்திருப்பார். அதுவும் நிச்சயமில்லை.

அடையாளத்தைப் பற்றி எவ்வளவு சரியாகப் போதித்தாலும் உள்ளே போய்ச் சேர ஒரு ஆயுசு பிடிக்கும் போல. பவுலுக்கே அது தெரிந்திருக்கிறது. பதினாலாம் வசனம் வரை ஆசீர்வாதங்களை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு (கிரேக்கத்தில் 3 முதல் 14 வரை ஒரே வாக்கியம்), அப்புறம் என்ன செய்கிறார்? ஜெபம் பண்ணுகிறார். இதை நீங்கள் அறிந்துகொள்ள உங்கள் மனக்கண்கள் திறக்கப்பட வேண்டும் என்று. கொடுத்தாயிற்று, ஆனால் கண் தெரியவில்லை. அந்த ஜெபத்தை என் ஞாயிறு வேதபாட கிளாஸில் ஒருநாளும் நடத்தினதில்லை, ஆசீர்வாதப் பட்டியலோடு மணி அடித்துவிடும்.

24 ஜூன்

நேற்று எழுதினதைப் படித்து அத்தை போன் செய்து திட்டினார். மீன் துண்டு எண்ணிப் போட்டது உண்மைதானாம், ஆனால் தலைப் பக்கத்தை எப்போதும் சித்தப்பாவுக்குத்தான் போடுவாராம். நானே கவனித்ததில்லை. பதிவு செய்கிறேன்.

13 ஜூலை, சனி

இன்றைக்கு ஜட்சன் வந்த நாள். 1813 ஜூலை 13. ஜூன் மாதம் வேடிக்கைக்கு அவரை வரிசையில் நிறுத்தினேன், இன்றைக்கு மரியாதையாகவே நிறுத்துகிறேன்.

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவரை இருக்கவிடவில்லை. மொரிசியஸ் போனார். அங்கிருந்து மெட்ராஸ். அங்கேயும் பிடித்து இங்கிலாந்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயம். துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்த கப்பல் ஒன்று, அது ரங்கூன் போகிற கப்பல். ஏறிவிட்டார். மனைவி ஆன் நிறைமாதம், வழியில் குழந்தை இறந்தே பிறந்தது. நம் தாத்தாக்கள் வந்த அதே மெட்ராஸ்–ரங்கூன் கடல்தான். அவரும் வேண்டி விரும்பி இந்த ஊரைத் தெரிந்தெடுத்து வந்தவர் இல்லை, தங்க இடமில்லாமல் வந்தவர். முதல் ஞானஸ்நானம் 1819 ஜூன் 27, மௌங் நௌ என்ற ஆளுக்கு. ஆறு வருஷத்துக்கு ஒருவர்.

1824 ஜூன் 8, அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். தங்கச்சி, நீ கேள்வி எழுதின அன்றைக்குச் சரியாக 200 வருஷம். எனக்கு இன்று காலைதான் தேதி உறைத்தது. ஆங்கிலேயரோடு சண்டை, வெள்ளைத் தோல் எல்லாம் ஆங்கிலேய உளவாளி. நான் அமெரிக்கன் என்று சொன்னது எடுபடவில்லை. ஆளைப் பார்த்து ஒரே பெயரில் கூப்பிடுவது இன்றைக்கு நேற்றுத் தொடங்கினதில்லை.

புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குக் கொடுத்தாள் ஆன். கல்லு மாதிரித் தலையணை, ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள் என்று. பிறகு அது கைமாறி, தூக்கி எறியப்பட்டு, மௌங் இங் என்ற சீஷன் ஜட்சனின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்தப் பஞ்சு உருண்டையை எடுத்து வைத்தான். உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்கு அப்போது தெரியாது. 1834-இல் முழு வேதாகமமும் பர்மிய மொழியில் முடிந்தது, மோல்மேனில். உன் ஊர்.

தலையணை என்றதும் எங்கள் பாட்டி. பாட்டிக்கு எஃப்ஆர்சி, அந்நியர் பதிவுச் சான்று. அறுபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்நியர்தான், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை எண்ணெய்த் துணியில் சுற்றித் தலையணை உறைக்குள் வைத்துத்தான் தூங்குவார். தலையைத் திருப்பினால் மடமடவென்று சத்தம் வரும். பாட்டி மனப்பாடமாகச் சொல்லும் வசனம் எபேசியர் 2:19, "நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்". தலைக்குக் கீழே அந்நியர் என்று எழுதின காகிதம், வாயில் இந்த வசனம். இரண்டும் முரண் என்று பாட்டிக்கு ஒருநாளும் தோன்றியதாகத் தெரியவில்லை. புதுப்பிக்கிற தேதியையும் தவறவிட்டதில்லை.

தங்கச்சி, இருக்கிறாயா?

14 ஜூலை, ஞாயிறு

இருக்கிறாளாம். ஓவர்டைம். அவள் எழுதினது: "எல்லாவற்றையும் படித்தேன் அண்ணே. நீங்கள் எழுதினதில் அத்தையின் மீன் தலைதான் பிடித்தது. பாட்டி காகிதம் என்றதும் யோசித்தேன், எங்கள் பாட்டியின் தலையணையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கச் சொல்கிறேன்."

நான் தலையணையை உபதேசத்துக்காகச் சொன்னேன். அவளுக்குப் பயன்பட்டது வேறு விதத்தில்.

28 ஜூலை, ஞாயிறு

தலையணையில் ஒன்றும் இல்லை. பஞ்சும் இரண்டு ஹேர்பின்னும். ஆனால் தேடப்போன இடத்தில், பாட்டியின் பழைய தமிழ் வேதாகமத்தின் அட்டைக்குப் போட்டிருந்த காக்கித்தாள் உறைக்குள், மடித்த ஒரு நகல் இருந்திருக்கிறது. ஓரம் செல்லரித்து, எண் தெரிகிறதாம், முத்திரை பாதி தெரிகிறதாம். அது போதுமா போதாதா என்று அலுவலகத்தில்தான் சொல்ல வேண்டும்.

பெகு தம்பி உடனே "முத்திரைபோடப்பட்டீர்கள், 1:13!" என்று எழுதிவிட்டார். தம்பி, அது பாதி முத்திரை. கொஞ்சம் பொறு.

29 ஜூலை

ஒரு விஷயம் உங்களையெல்லாம் கேட்கிறேன். ஜூன் 9-இல் நான் எழுதின அந்த முதல் பதிலுக்கு இன்னும் ஆமென் வந்துகொண்டே இருக்கிறது. பதினொன்று ஆகிவிட்டது. திருத்தி எழுதினதற்கு இரண்டுதான். தயவுசெய்து கீழே வந்து படித்துவிட்டு ஆமென் போடுங்கள்.

1 ஆகஸ்ட், வியாழன்

இன்று அவளோடு நானும் போனேன். பெரியவர் ஒருவர் கூட நின்றால் நல்லது என்று வீட்டுக்காரி அனுப்பினாள், டிபன் கட்டிக் கொடுத்து. காலை ஏழு மணிக்கே முப்பது பேர். மழை சாய்ந்து அடித்தது, நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை வேதாகமத்துக்குள் வைத்து, வேதாகமத்தை ரவிக்கைத் துணி வாங்குகிற பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

இந்தத் தடவை மேசையில் வேறு ஆள். நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணைக் குறித்துக்கொண்டார். பழைய பதிவேட்டில் பார்க்க வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். திருப்பி அனுப்பவில்லை, படிவம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், அப்பா பெயர், இனம், மதம். அடையாளக்குறி வந்ததும் நின்றாள். தனக்கு ஒரு குறியும் இல்லை என்றாள். முகம், கழுத்து, கை எல்லாம் பார்த்துக்கொண்டாள். கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலில் தையல் மிஷின் ஊசி ஏறின புள்ளி, ஒரு எள் அளவு. அதை எழுதலாமா என்று என்னைக் கேட்டாள்.

"என் சரீரத்திலே அச்சடையாளங்கள்" என்று கலாத்தியர் கடைசியில் பவுல் சொல்வது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. எழுது என்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மேலே மூன்று பேர் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். மூன்று வாரம் என்றால் இங்கே ஆறு வாரம். 22-ஆம் தேதி போய்ப் பார்ப்போம், நானும் போகிறேன். அடுத்த ஞாயிறு கிளாஸில் 1:15 முதல் 23 வரை, அந்த ஜெபம் மட்டும். அவளையே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் போட்ட நிபந்தனை, நான் நடுவில் பேசக் கூடாது.